ரூபாயின் மதிப்பும் உழைப்பின் மதிப்பும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசிய சான்றோர்கள் சிறப்பாக எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே, நம் மக்களின் கல்வியில் இதுவரை நாம் தொடாமல் விட்டுவிட்ட ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பணத்தைப் பற்றிய கல்வியே அது.

பங்குச் சந்தை, அந்நியச் செலாவணி, முதலீட்டு வங்கி என்னும் சொற்களைச் செய்தித்தாளில் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். "கூலிக்குப் போகிறவனுக்குப் பங்குச் சந்தை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அன்பர்களே, நாம் சந்தையைத் தேடிப் போகாவிட்டாலும் சந்தை நம் அடுப்படியைத் தேடி வந்துவிடுகிறது. நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும், கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் அயல்நாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றை வாங்கப் பெரும்பாலும் டாலர் தேவைப்படுகிறது. டாலரின் விலை ஏறினால் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பாமாயில் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் களை எடுக்கும் பெண்ணின் கூலி மறுநாளே ஏறிவிடுவதில்லை. இடையில் உள்ள அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது? இக்கேள்வியைப் பெரும் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் வேறு யாருமல்லர், நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களே.

அண்ணலைச் சட்டமேதையாக நாம் அறிவோம். கையில் அரசியல் சட்டத்தோடு நிற்கும் அவருடைய சிலைகள் நம் சேரிகளின் முகப்பில் நிற்கின்றன. ஆனால் அவர் சட்டத்திற்கு முன்னரே பொருளாதாரத்தைத் தம் துறையாகத் தேர்ந்தெடுத்தவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1912இல் பம்பாயில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்தியா திரும்ப நேர்ந்தது. பரோடாவில் அவர் பதவியேற்றபோது, தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்காமல் விரட்டப்பட்ட கதையை நீங்கள் படித்திருப்பீர்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் இன்று நான் சொல்ல வந்தது. பம்பாய்க்குத் திரும்பிய அவர், குடும்பத்தைக் காப்பாற்றப் பல வழிகளில் முயன்றார். தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு எழுதும் பணி செய்தார். அத்துடன், பங்குகளிலும் பத்திரங்களிலும் பணம் போடுவோருக்கு ஆலோசனை கூறும் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். இன்று முதலீட்டு ஆலோசகர் என்கிறோமே, அத்தொழிலை 100 ஆண்டுகளுக்கு முன்னரே பம்பாய் மாநகரில் அண்ணல் தொடங்கினார்! ஆலோசனை கேட்கவும் ஆட்கள் வந்தனர். ஆனால் ஆலோசனை கூறுபவர் தீண்டத்தகாதவர் எனப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிவிட்டனர். நிறுவனம் மூடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அவர் சொன்ன கணக்குத் தவறு என்று அவர்கள் விலகவில்லை. கணக்குச் சரியாக இருந்தும், சொன்ன வாய் எவருடையது என்று கேட்டு விலகினர். பணத்துக்குச் சாதி இல்லை என்பார்கள். ரூபாய் நோட்டுக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம், பணத்தைப் பற்றிப் பேசும் உரிமைக்கு அன்று சாதி இருந்தது.

இதற்கு அண்ணல் அளித்த விடை என்ன? 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்னும் ஆய்வு நூலை வெளியிட்டு டி.எஸ்சி. பட்டம் பெற்றார். தனிமனிதருடைய பங்குகளைப் பற்றி ஆலோசனை கூறக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர், நாடு முழுமைக்கும் உரிய நாணயத்தைப் பற்றி ஆலோசனை கூறப் புறப்பட்டார்.

அந்நூலின் சாரத்தை இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ரூபாய் 1835 முதல் வெள்ளி நாணயம். இங்கிலாந்தின் பவுன் தங்க நாணயம். 1870களில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரியத் தொடங்கியதும் ரூபாயின் மதிப்பும் சரிந்தது. அப்பத்தாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ் மதிப்புப் பெற்றிருந்த ரூபாய், 1893 அளவில் 15 பென்ஸுக்கு இறங்கிவிட்டது. அவ்வாண்டில் நாணயச் சாலைகளில் பொதுமக்களுக்காக வெள்ளி ரூபாய் அச்சிடுவதை அரசு நிறுத்தியது. பின்னர் ரூபாய்க்கு 16 பென்ஸ் என்று விலை நிறுவப்பட்டது. எத்தனை ரூபாய் வெளியிடுவது என்பது ஆட்சியாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இந்த ஏற்பாட்டைக் கெயின்ஸ் என்னும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் 1913இல் பாராட்டி நூல் எழுதினார். அண்ணல் அதனை மறுத்தார். நாணயத்தை வெளியிடுவோரின் கையை ஒரு வரம்பு கட்டாவிட்டால் அவர்கள் அளவு மீறி வெளியிடுவார்கள், விலைவாசி உயரும், அதன் சுமை ஏழையின் மேல் விழும் என்பது அவருடைய வாதம்.

பிறகு 16 பென்ஸா, 18 பென்ஸா என்று ஒரு பெரும் வழக்கு எழுந்தது. இரண்டு பென்ஸுக்கா இத்தனை சண்டை என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு ரூபாய் 16 பென்ஸ் ஆனால் பவுனுக்கு 15 ரூபாய். 18 பென்ஸ் ஆனால் பவுனுக்கு 13 ரூபாயும் ஐந்தரை அணாவுக்குச் சற்றுக் குறைவும். லிவர்ப்பூலுக்குப் பஞ்சு அனுப்பி 100 பவுன் பெறும் ஏற்றுமதியாளருக்கு முதல் விகிதத்தில் 1,500 ரூபாய் கிடைக்கும். இரண்டாம் விகிதத்தில் ஏறத்தாழ 1,333 ரூபாய்தான். எனவே ரூபாய் மலிவாக இருக்க வேண்டும் என்று ஏற்றுமதியாளர்களும் ஆலை முதலாளிகள் பலரும் விரும்பினர். நாட்டுக்கே அது நன்மை என்றும் பேசினர்.

இங்கேதான் அண்ணல் தம் வினாவை எழுப்புகிறார். ஏற்றுமதியாளருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வெள்ளைக்காரனிடமிருந்தா? இல்லை என்றார். ரூபாய் மலிந்தால் உள்நாட்டில் பொருள்களின் விலை ஏறுகிறது. கூலியோ விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை, பின்தங்கி நொண்டி நடக்கிறது. வாங்கும் கூலி அதே எண்ணாக இருக்க, அதைக் கொண்டு வாங்கும் அரிசியின் அளவு குறைகிறது. ஏற்றுமதியாளரின் ஆதாயம் என்பது கூலிக்காரரின் கஞ்சியிலிருந்து எடுக்கப்பட்டதே என்று காட்டினார். நாணய மாற்று விகிதம் என்பது வெறும் எண் அன்று, ஒரு வகுப்பாரின் பையிலிருந்து இன்னொரு வகுப்பாரின் பைக்குப் பணம் செல்லும் மதகு என்பதை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

1925இல் ஹில்டன் யங் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு நாணயப் பிரச்சினையை ஆராய்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அண்ணல் அதன்முன் சாட்சியம் அளித்தார். 1926இல் அக்குழு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்றும், நாட்டுக்கு ஒரு மைய வங்கி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1935 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி இயங்கத் தொடங்கியது. நம் மேடைகளில் சிலர் ரிசர்வ் வங்கியை அண்ணலே நிறுவினார் என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அன்பின் மிகுதியால் சொல்கிறார்கள். ஆயினும் உண்மைக்கு மேல் ஒரு சொல்லும் அவருக்குத் தேவையில்லை. நாட்டின் நாணயத்தைப் பற்றி முடிவு செய்யும் அவையில், பள்ளிக்கூடத்தில் சாக்குத் துணியின் மேல் தனியே உட்கார வைக்கப்பட்ட ஒரு மாணவர், நிபுணராக அமர்ந்து பேசினார் என்னும் உண்மையே போதும்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் ரூபாயின் கதை நிற்கவில்லை. 1949 செப்டம்பரில் பவுனோடு சேர்ந்து ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. 1966 ஜூன் 6ஆம் நாள் டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்பது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. 1991இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி கையிருப்பு இருந்தபோது, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அயல்நாட்டு மைய வங்கிகளிடம் ஈடாக வைத்து நாடு கடன் பெற்றது. வீட்டுக்காரி தாலிச் சங்கிலியை அடகுக்கடையில் வைப்பது போன்ற நிலைதான் அது. அவ்வாண்டு ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. 1993 மார்ச் முதல் ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. ஏற்ற இறக்கம் மிகும்போது ரிசர்வ் வங்கி டாலரை விற்றோ வாங்கியோ தலையிடுகிறது. 2022இல் டாலரின் விலை 80 ரூபாயைக் கடந்தது.

இதன் விளைவை நம் தெருவிலேயே காணலாம். வளைகுடா நாட்டில் கட்டட வேலை செய்யும் தம்பி ஒருவர் மாதந்தோறும் அனுப்பும் திர்ஹமுக்கு ரூபாய் மலியும்போது கூடுதல் பணம் கிடைக்கிறது. அவ்வீட்டில் மகிழ்ச்சி. அடுத்த வீட்டில் அயல்நாட்டு வருமானம் எதுவும் இல்லை. எண்ணெய், உரம், பேருந்துக்கு டீசல் எல்லாம் விலை ஏறுவது மட்டுமே அங்குத் தெரிகிறது. மதுரை மல்லிகையை விமானத்தில் ஏற்றி அனுப்பும் வணிகருக்கு ஆதாயம் கூடுகிறது. விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணுக்கு அந்த ஆதாயத்தில் எத்தனை காசு வந்தது என்று கேளுங்கள். 1925இல் அண்ணல் கேட்ட கேள்விதான் இது.

இனிப் பங்குச் சந்தைக்கு வருவோம். பங்கு என்பது என்ன? ஒரு நிறுவனத்தின் உடைமையைப் பல சம துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு பங்கு. நிறுவனம் முதன்முதலில் பொதுமக்களிடம் பங்குகளை விற்றுத் தொழிலுக்கு முதல் திரட்டுவது ஒரு கட்டம். அந்நிறுவனத்தின் மதிப்பைக் கணித்து, விலை குறித்து, முதலீட்டாளர்களைத் தேடித் தந்து, அதற்குக் கூலி பெறுவதே முதலீட்டு வங்கியின் வேலை. நம்மிடம் வைப்புத்தொகை வாங்கிக் கடன் கொடுக்கும் வங்கி வேறு, இது வேறு. இவ்வாறு விற்கப்பட்ட பங்குகளை மக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் இடமே பங்குச் சந்தை. பம்பாயில் 1875இல் தரகர்கள் சங்கமாகக் கூடியதிலிருந்து இந்தியாவில் அதன் வரலாறு தொடங்குகிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1943இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் அவர்கள் மதுரையில் பாங்க் ஆப் மதுராவை நிறுவினார். அரை நூற்றாண்டுக்கு மேல் நம் நகரத்தின் வங்கியாக விளங்கிய அது, 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைக்கப்பட்டது. அப்போது பாங்க் ஆப் மதுராவின் ஒரு பங்கை வைத்திருந்தவருக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் இரண்டு பங்குகள் வழங்கப்பட்டன. அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது? புதிய பெயர் அச்சிட்ட கணக்குப் புத்தகம். இருவரும் அதே வாயில் வழியே நுழைந்தவர்கள்தாம். ஒருவர் உடைமையாளர், மற்றவர் வாடிக்கையாளர். நம் மக்கள் கூலியாளராகவும் கடனாளியாகவும் பல வாயில்களில் நுழைந்திருக்கிறார்கள். சிலர் வாடிக்கையாளராகவும் ஆகிவிட்டோம். உடைமையாளர் பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

"அதெல்லாம் பரம்பரைத் தொழில், நமக்கு வராது" என்பார் உளர். நம் மதுரைக்கு அருகிலுள்ள காரைக்குடி வட்டாரத்தைப் பாருங்கள். நகரத்தார் பெருமக்கள் பர்மா முதல் மலேயா வரை கொடுக்கல் வாங்கல் நடத்தினர். 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அந்நியச் செலாவணி வணிகத்தை முதன்மையாகக் கருதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். இது பிறப்பால் வந்த அறிவா? அன்று. சிறுவயதிலேயே கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடம் செய்வித்து, பேரேடு எழுதப் பழக்கி, பெட்டியடியில் பயிற்சிக்கு அமர்த்தினர். பயிற்சியால் வந்தது பயிற்சியால் எவருக்கும் வரும். நம் பிள்ளைகளுக்கு அப்பயிற்சி மறுக்கப்பட்டதே ஒழிய, அதற்குரிய மூளை மறுக்கப்படவில்லை. அண்ணலைவிட அதற்குச் சான்று வேண்டுமா?

நம் மக்கள் ஏற்கெனவே பங்குச் சந்தையில் இருக்கிறார்கள் என்பது மற்றொரு செய்தி. ஆலையிலும் தொழிற்சாலையிலும் பணிபுரிவோரின் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதி 2015 ஆகஸ்ட் முதல் பங்குகள் சார்ந்த நிதிகளில் முதலீடு செய்யப்படுகிறது. தம் உழைப்பின் பணம் அங்கே இருப்பதை எத்தனை தொழிலாளர்கள் அறிவார்கள்? அறியாமல் இருப்பவன் பார்வையாளன்கூட அல்லன், கண்கட்டப்பட்ட பங்குதாரன்.

இளைஞர்களே, இதைக் கேட்டவுடன் கைப்பேசியை எடுத்து நாளைக்கே பங்கு வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள். சந்தை மேலேயே போகும் என்று எவரும் உறுதி கூற முடியாது. 2022 மே மாதத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பங்கு 949 ரூபாய் விலையில் வெளியிடப்பட்டது. எல்லாரும் அறிந்த, அரசுக்குச் சொந்தமான நிறுவனம். ஆயினும் சந்தையில் நுழைந்த முதல் நாளிலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. நல்ல நிறுவனம் என்பது வேறு, தக்க விலை என்பது வேறு. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து, கடன் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று பார்த்து, பல ஆண்டுகள் பொறுத்திருக்க இயன்றவருக்குப் பங்கு முதலீடு ஆகும். அல்லாதவருக்கு அது சீட்டாட்டம்.

அதனினும் கொடியது முன்பேர வணிகம். பங்கையே வாங்காமல், அதன் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பந்தயம் கட்டுவது போன்ற ஒப்பந்தங்களில் நம் பிள்ளைகள் பலர் இறங்குகின்றனர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 100க்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு வகுப்பில் 100 மாணவர்கள் தேர்வெழுதி 93 பேர் தோற்கும் பாடத்தில், தாயின் நகையை விற்றுச் சேர எந்த ஆசிரியராவது அறிவுரை கூறுவாரா?

அப்படியானால் எங்கே தொடங்குவது? கடனிலிருந்து தொடங்க வேண்டும். நம் தெருக்களில் வரும் தண்டல்காரர் 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்ட வேண்டும். வட்டி 15 விழுக்காடுதான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம் கையில் இருப்பது அந்த 8,500இல் பாதிதான். காலமோ மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். கணக்கிட்டுப் பாருங்கள், ஆண்டு வட்டி 120 விழுக்காட்டுக்கும் மேல் வரும். 120 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டு உலகத்தின் எந்தச் சந்தையில் முதலீடு செய்தாலும் கரையேற முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கணக்கு நம் தலையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, கூடுதல் வட்டி என்னும் தூண்டில். 1990களில் தமிழ்நாட்டில் எத்தனையோ நிதி நிறுவனங்கள் திடீர் திடீரென்று கதவடைத்தன. அதனால் 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அதற்குப் பின்னரும் புதிய பெயர்களில் அதே தூண்டில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மாதம் நூற்றுக்கு ஐந்து தருகிறேன் என்பவரின் மண்டபத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அழைத்துச் செல்பவர் உறவினராக இருக்கலாம், நம் சமுதாயத் தலைவராகவும் இருக்கலாம். உறவு என்பது கணக்குக்கு ஈடு ஆகாது.

இவ்விடத்தில் நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1865இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. அவர்கள் துணி துவைத்தும் பருத்தி எடுத்தும் சேர்த்த காசுகளை அதில் போட்டனர். தொடக்கத்தில் அப்பணம் அரசுப் பத்திரங்களில் பத்திரமாக இருந்தது. 1870இல் விதி தளர்த்தப்பட்டதும், நிர்வாகத்தில் இருந்த சிலர் அதனை மனை வணிகத்துக்கும் தங்களுக்கு வேண்டியவர்களுக்கும் கடனாக வழங்கினர். 1873இல் நாட்டில் நிதி நெருக்கடி வந்தது. வங்கி ஆட்டம் கண்ட பிறகு, 1874 மார்ச்சில் கறுப்பின மக்களின் மாபெரும் தலைவரான பிரெடரிக் டக்ளஸ் அவர்களைத் தலைவராக்கினர். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவ்வாண்டு ஜூனில் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் முடங்கியது. பலருக்குப் பாதிகூடத் திரும்பவில்லை.

அம்மக்கள் சோம்பேறிகள் அல்லர், ஊதாரிகளும் அல்லர். சேமித்தவர்கள். சேமிப்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது. தங்கள் பணம் எங்கே போகிறது என்று பேரேட்டைத் திறந்து பார்க்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை. சேமிக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, கணக்கைக் கேட்கவும் எழுதவும் கற்க வேண்டும் என்பதே அந்த வங்கி நமக்கு விட்டுச் சென்ற பாடம். நம் நாட்டிலும் 1892 முதல் நம் முன்னோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், எத்தனை ஊர்களில் எத்தனை பத்திரங்களின் மூலம் கைமாறிப் போயின! பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் நிலத்தை இழந்தான். இன்றைய உடைமை பங்குப் பத்திரமாகவும் கணினியில் ஓர் எண்ணாகவும் இருக்கிறது. அதையும் படிக்கத் தெரியாமல் இருந்தால் இரண்டாம் முறையும் இழப்போம்.

அறிவு இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணலுக்கு இல்லாத அறிவா? அப்படியிருந்தும் அவருடைய நிறுவனம் மூடப்பட்டதே! இது நியாயமான கேள்வி. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையின் வழியே வணிகத்தைத் தொடங்கிய பின், விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. 1918இல் பெயரைக் கேட்டு விலகிய வாடிக்கையாளரைப் போல அந்தத் திரை விலகுவதில்லை. ஒரு கதவு அவ்வளவில் திறந்திருக்கிறது. ஆனால் தொழிலுக்குக் கடன் கேட்கும்போது ஈடாகக் காட்ட நிலம் வேண்டும், பரிந்துரைக்க ஆள் வேண்டும். அங்கே பழைய கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அறிவு மட்டும் போதாது, அறிவில்லாமல் வேறு எதுவும் நிற்காது. ஆகவே அறிவோடு அமைப்பும், அரசு அளித்துள்ள வாய்ப்பும் சேர வேண்டும். 1974இல் அமைந்த தாட்கோ, 2015இல் மைய அரசு தொடங்கிய பட்டியல் சாதியினருக்கான துணிகர முதலீட்டு நிதி, 2023இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றின் விண்ணப்பங்கள் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கே பயன்படும்.

எனவே இவ்வெள்ளி விழாவில் நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் இரவுப் பாடசாலையில் வாரம் ஒரு நாள் கணக்கு வகுப்பு நடைபெற வேண்டும். வட்டி கணக்கிடுதல், கடன் பத்திரத்தைப் படித்தல், காப்பீடு, வங்கி, பங்கு ஆகியவற்றை அங்கே சொல்லித் தரலாம். மாணவர்களைவிட அவர்களுடைய தாய்மார்கள் வருவது இன்னும் நல்லது. முதலில் கந்துவட்டியிலிருந்து விடுபடுதல், பிறகு ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு, அதன்பின் காப்பீடு, இறுதியாகவே பங்கு என்னும் வரிசையை அங்கே மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

இரண்டாவது, கழகத்தின் உதவித்தொகையில் ஒரு பகுதியைப் பொருளாதாரம், வணிகவியல், புள்ளியியல் பயில்வோருக்கும் பட்டயக் கணக்காளர் தேர்வு எழுதுவோருக்கும் ஒதுக்க வேண்டும். மருத்துவரும் பொறியாளரும் ஆகவேண்டும் என்று கனவு காண்கிறோம், நன்று. ரிசர்வ் வங்கியும் செபியும் அதிகாரிகளைத் தேர்வு மூலம் எடுக்கின்றன, அவற்றில் இடஒதுக்கீடும் உண்டு. அந்த விண்ணப்பங்களை நம் பிள்ளைகள் எத்தனை பேர் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள்? ரூபாயின் விலையைப் பற்றிப் பேசும் மேசையில் களையெடுக்கும் பெண்ணின் மகளும் அமர்ந்தால், 1925இல் அண்ணல் எழுப்பிய வினாவை எழுப்ப அங்கே ஒருவர் இருப்பார்.

மூன்றாவது வேண்டுகோள் நமக்கு நாமே இட்டுக்கொள்ள வேண்டிய கட்டளை. நம் கழகத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வரிவரியாகப் படித்து, உறுப்பினர்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். கேட்பவரைக் குறைசொல்பவர் என்று எண்ணாமல், பாடம் கற்பவர் என்று எண்ணி விடை கூற வேண்டும். நம் சொந்தக் கழகத்தின் கணக்கைக் கேட்கப் பழகாதவர்கள், நாட்டின் கணக்கை ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்பதை நாம் முழக்கமாக அறிவோம். ரூபாயைக் கற்பதும் அக்கல்வியில் அடங்கும். அண்ணலின் ஆலோசனையை வேண்டாம் என்று 1918இல் பம்பாய்ச் சந்தை எழுந்து சென்றது. அந்த ஆலோசனையை நாமும் கேளாமல் இருந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.